ஊர்ப்பெயர் இழந்த காசுகள்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கித் திருமங்கலத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பரங்குன்றத்தைக் கடந்தபின் எதிர்ப்படும் ஊர் கப்பலூர். கடல் இவ்வூருக்கு வெகுதொலைவு. ஆயினும் பெயரைக் கேட்ட புதியவர் கப்பலைத் தேடத் தவறுவதில்லை. சொல்லின் ஓசையைக் கொண்டே வரலாறு புனைந்துவிடும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றிய ஒன்று. மண்ணுக்கடியில் கிடக்கும் மெய்ச்சான்றுகளையோ நாம் அவ்வளவு ஆர்வத்துடன் தேடுவதில்லை. அவை தாமே வெளிப்பட்டுக் கைக்கு வந்தாலும் போற்றுவதில்லை.

1936இல் தொடங்கப்பெற்ற தியாகராசர் ஆலை, அதன்பின் எழுந்த சிட்கோ தொழிற்பேட்டை, நாற்கரச் சாலை, சுங்கச்சாவடி என்று கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இவ்வூர் மண் புரண்டதைப் போல் அதற்கு முன் எப்போதும் புரண்டிருக்குமா என்பது ஐயமே. கப்பலூருக்கு மட்டும் உரியதன்று இந்நிலை. மதுரையைச் சூழ்ந்த சமவெளி முழுவதும் ஏர்முனையில், கடைக்கால் தோண்டுகையில், காளவாசலுக்கு மண் வெட்டுகையில், கண்மாய் தூர்வாருகையில், பச்சைக் களிம்பேறிய சிறு உலோகத் துண்டுகள் இடையறாது வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. தேய்ந்த செப்புக்காசு, முறிந்த எழுத்தாணி, மோதிரம், சிறு மணி, எடைக்கல், சுண்ணாம்புக் கரண்டகத்தின் மூடி போன்ற எளிய பொருள்களே இவற்றுள் மிகுதி. கண்டெடுத்தவர் அதனைச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார்; சில நாள் வீட்டு மாடத்தில் கிடக்கும்; பிறகு பழைய பித்தளையோடு சேர்ந்து எடைக்குப் போகும். பொன்னாயிருப்பின் பேச்சே இல்லை. அன்று மாலையே பட்டறையில் உருகிவிடும்.

உருகிப்போவது பத்துக் கிராம் செம்புதானே என்று எண்ணுவோர்க்கு, மதுரையின் வரலாற்றில் ஒரு முப்பதாண்டுக் காலம் அத்தகைய செப்புத் துண்டுகளைப் பற்றிக்கொண்டே நிற்கிறது என்பது வியப்பளிக்கக் கூடும்.

திருமங்கலத்துப் பாதிரியார்

தென்னாட்டு நாணய ஆய்வின் தொடக்கக் காலத்தில் கப்பலூரின் அண்டை ஊரான திருமங்கலத்திற்கு ஒரு சிறப்பிடம் உண்டு. 1834இல் தோன்றிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த ஜே. ஈ. டிரேசி என்னும் பாதிரியார் திருமங்கலத்தில் பணியாற்றியவர். சமயப் பணிக்கிடையே இப்பகுதியில் கிடைத்த பழங்காசுகளைத் திரட்டிய இவர், பாண்டியர் காசுகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1880களின் இறுதியில் சென்னை இலக்கிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அந்தச் சில ஆண்டுகள் நாணயவியலுக்கு நல்ல விளைச்சற் காலம். சர் வால்டர் எல்லியட்டின் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூல் 1886இலும், லோவந்தால் பாதிரியாரின் திருநெல்வேலிக் காசுகள் பற்றிய நூல் 1888இலும், படைத்தலைவர் டஃப்னெல் நாணயச் சேகரிப்போர்க்கு எழுதிய கையேடு 1889இலும் வெளியாயின. அவர்களைத் தொடர்ந்து கல்வெட்டறிஞர் ஹூல்ஷ், ரங்காச்சாரி, தேசிகாச்சாரி ஆகியோர் எழுதினர். தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூல் 1933இல் வந்தது.

இப்பெருமக்களின் உழைப்பு இல்லையேல் இன்று பாண்டியர் காசுகளை இனங்காண நமக்கு அகரமுதலியே இராது. எல்லாந்தலையானான், சோணாடு கொண்டான், கச்சி வழங்கும் பெருமாள், கோதண்டராமன், புவனேகவீரன், சமரகோலாகலன், கலியுகராமன் என்று காசின் சிறு பரப்பில் நெருக்கிப் பொறிக்கப்பட்ட பட்டப்பெயர்களை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியவர்கள் இவர்களே. பலவற்றில் பாதிப் பெயர்தான் இருக்கும். காசின் அச்சு பெரிது, வட்டம் சிறிது என்பதால் மீதி எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். ஐந்தாறு காசுகளை அருகருகே வைத்து ஒன்றில் உள்ள தலையையும் மற்றொன்றில் உள்ள வாலையும் பொருத்தித்தான் முழுப்பெயரைப் பெற முடிந்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. காசில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவர்கள் செலுத்திய கவனத்தில் பத்தில் ஒரு பங்கும், அக்காசு எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்பதில் பெரும்பாலும் செலுத்தப்படவில்லை. கடைத்தெருவும் கன்னார் பட்டறையும் நாணயமாற்றுக்காரர் பெட்டியும் அந்நாளில் நாணயம் திரட்டுவோரின் வேட்டைக்களங்கள். உருக்குக் குகைக்குப் போகும் வழியில் மறித்து வாங்கிய காசுக்கு ஊர் ஏது? நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட இப்பணியிலேயே அந்த இழப்பும் தொடங்கிவிட்டது. இன்றளவும் சேகரிப்பாளர் பலரின் பேழைகளில் வரிசைவரிசையாக உறங்கும் காசுகளுக்குப் பெயர் உண்டு, எடை உண்டு, காலம் உண்டு. பிறந்த ஊர் இல்லை.

ஊர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு சான்று இருந்தது. வைகை மணலில் மதுரையருகே கிடைத்த தேய்ந்த உரோமச் சிறு செப்புக்காசுகள் அறிஞர் கவனத்தை ஈர்த்தன. பொற்காசாயின் அதனை வாணிகத்தின் பொருட்டு வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். மதிப்புக் குறைந்த சில்லறைக் காசு ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைத்தால் அது அங்கேயே அன்றாடம் கைமாறியது என்று கொள்ள இடமுண்டு. இதனைக் கொண்டே ராபர்ட் சூவெல் 1904இல், மதுரையில் உரோமர் சிலர் குடியிருந்திருக்கலாம் என்று எழுதினார். அக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு. வைகை மணல் என்னும் அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் அவ்வாதத்துக்கே வழியிருந்திராது.

சுல்தான்களின் சில்லறை

கி.பி. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்புக்குப் பின்னர் பாண்டியப் பேரரசு சிதைந்தது. 1323இல் தில்லிப் படை மீண்டும் வந்து மதுரையை மாநிலமாக்கிக்கொண்டது. தில்லியின் ஆளுநராயிருந்த சலாலுதீன் அசன் ஹிஜிரி 735இல், அதாவது கி.பி. 1334-35இல், தன்னைச் சுல்தானாக அறிவித்துத் தன் பெயரால் காசு வெளியிட்டார். இவ்வரசு எட்டுப் பேர் ஆட்சியில் நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இக்காலத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகச் சில. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அசன் சுல்தானின் மகளை மணந்தவர். கியாசுதீன் தமகானி ஆண்டபோது மதுரைக்கு வந்தவர். கொள்ளை நோயில் ஊர் மடிந்ததையும், கியாசுதீன் இறந்தபின் நாசிருதீன் பட்டமேறியதையும் கண்டெழுதியவர். அவர் புறப்பட்டுச் சென்றதோடு கண்ணால் கண்ட சாட்சி முடிந்துவிடுகிறது. மறுபுறம், விசயநகர இளவரசன் குமார கம்பணனின் வெற்றியைப் பாடும் கங்காதேவியின் வடமொழிக் காவியமான மதுரா விசயம் வென்றவர் பக்கத்துக் குரல். புதுக்கோட்டைப் பகுதியில் சில கல்வெட்டுகள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் மதுரையில் ஆண்டவர் யார், எத்தனை ஆண்டு, யாருக்குப்பின் யார் என்னும் எளிய வினாக்களுக்கு இவற்றுள் எதுவும் நேரான விடை தருவதில்லை.

விடை தருவன காசுகள். புளியங்கொட்டை அளவினவாய், இருபுறமும் அரபு எழுத்துகள் நிறைந்து, உருவம் ஏதுமின்றி இருக்கும் இச்சிறு செப்புக்காசுகளைப் பாமரர் மட்டுமன்றிப் படித்தவரும் பயனற்றவை என்று தள்ளிவிடுவர். இறையுருவமோ விலங்குருவமோ இல்லாத காசுக்குச் சந்தையிலும் விலை குறைவு. ஆனால் இவற்றுட் பலவற்றில் அரசன் பெயரோடு ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாண்டியர் காசுகளில் காணவியலாத பேறு இது. இவற்றை ஆராய்ந்து ஹூல்ஷ் 1909இல் வெளியிட்ட கட்டுரைதான் மதுரைச் சுல்தான்களின் வரிசைக்கு இன்றும் அடிப்படை. நாசிருதீனின் காசு ஹிஜிரி 745ஐச் சேர்ந்தது. அடுத்து ஆதில் ஷாவின் காசு வருகிறது, ஆண்டு 757. இடையில் ஏறக்குறைய பன்னிரண்டாண்டு இடைவெளி. பின்னர் பக்ருதீன் முபாரக் ஷா, அவருக்குப்பின் அலாவுதீன் சிக்கந்தர் ஷா. சிக்கந்தரின் கடைசிக் காசு ஹிஜிரி 779க்குரியது, அது கி.பி. 1377-78 ஆகும்.

கம்பணனின் மதுரை வெற்றி 1371ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததாகக் கொள்வர். அதன்பின்னும் ஆறேழு ஆண்டுகள் ஒரு சுல்தான் தன் பெயரால் காசு வெளியிட்டிருக்கிறார் என்றால், அவ்வெற்றி ஒரே போரில் முடிந்த செயலன்று. மதுரைச் சீமையின் ஏதோ ஒரு பகுதி இன்னும் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். எப்பகுதி? இங்குதான் ஊர்ப்பெயரின் அருமை விளங்கும். சிக்கந்தர் காசுகள் எந்தெந்த ஊர் மண்ணில் கிடைத்தன என்ற குறிப்பு நூற்றுக்கு ஐந்தேனும் எஞ்சியிருந்தால், அவருடைய கடைசி எல்லையை நிலப்படத்தில் புள்ளி வைத்துக் காட்டிவிடலாம். மேலூர்ப் பக்கமா, திருமங்கலத்துப் பக்கமா, வைகைக்கு வடக்கா தெற்கா என்று சொல்லிவிடலாம். காசுகள் இருக்கின்றன, புள்ளி வைக்க ஊர்தான் இல்லை.

745க்கும் 757க்கும் இடைப்பட்ட வெற்றிடமும் அவ்வாறே. அக்காலத்தில் காசே அடிக்கப்படவில்லையா, அடிக்கப்பட்டும் நம் கண்ணில் படவில்லையா? ஹிஜிரி 750 என்று பொறித்த ஒரே ஒரு செப்புத் துண்டு ஏதேனும் ஒரு புன்செய்க் காட்டில் வெளிப்பட்டு முறையாகக் குறிக்கப்படுமாயின், பாடநூலின் ஒரு பத்தியைத் திருத்தி எழுத வேண்டிவரும். அது ஏற்கெனவே ஒரு செம்புப் பானையின் விளிம்பாக உருமாறியிருக்கவும் கூடும்.

சேது என்னும் ஒரு சொல்

கிடைத்த இடம் ஒரு காசின் உரிமையையே மாற்றிவிடும் என்பதற்குப் பாக்கு நீரிணையின் இருகரைக்கும் பொதுவான ஒரு சான்று உண்டு. ஒருபுறம் நிற்கும் அரசன் உருவும், மறுபுறம் படுத்திருக்கும் காளையும் அதனடியில் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் கொண்ட செப்புக்காசுகள் பல. சேது என்றவுடன் இராமேசுவரமும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியோர் அவ்வாறே கொண்டனர். சொல்லின் ஓசைக்கு மயங்கிய தீர்ப்பு அது. கப்பலூரில் கப்பல் தேடுவதைப் போன்றதே.

அக்காசுகள் இராமநாதபுரம் பக்கத்தில் அரிதாகவும் யாழ்ப்பாணத்தில் மிகுதியாகவும் கிடைப்பது பின்னர் கவனிக்கப்பட்டது. 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றி விரிவாக எழுதிய காட்ரிங்டனும், 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி எழுதிய முதலியார் இராசநாயகமும் இவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுக்கு உரியவை என்னும் கருத்தை வலியுறுத்தினர். இன்று ஆய்வாளர் பொதுவாக அதனையே ஏற்கின்றனர். இதனால் இக்காசுகளின் காலமும் சேதுபதிகளுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்கு நகர்ந்தது. ஒரு தமிழரசின் நாணயமரபு முழுவதும் பிழையான பெயரில் கிடந்தது. எழுத்தை மீண்டும் படித்ததால் அது வெளிப்படவில்லை, எந்த மண்ணில் எத்தனை என்று எண்ணியதால் வெளிப்பட்டது.

மீன் கண்டால் பாண்டியனா?

இனங்காணும் முறையில் நம் ஊர்களில் வழங்கும் சில தவறுகளை இங்குச் சுட்டுதல் தகும். மீன் பொறித்த காசு எல்லாம் பாண்டியருடையது என்பது முதல் தவறு. இரு கயலும் நடுவில் செண்டும் பாண்டியர் இலச்சினை என்பது மெய்யே. ஆனால் பாண்டி நாட்டை வென்ற சோழர் தம் காசில் அமர்ந்த புலிக்கருகே மீனையும் பொறித்தனர். துளு நாட்டு ஆளுபரும் இரு மீன்களைத் தம் சின்னமாகக் கொண்டனர். மீனோடு வேறென்ன இருக்கிறது, மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிற்கும் உருவும் அமர்ந்த உருவும் நாகரி எழுத்தில் இராசராசன் பெயரும் கொண்ட செப்புக்காசு தமிழகத்தில் மிகப் பரவலாகக் கிடைக்கும் ஒன்று. அதே அமைப்பில் இலங்கை மன்னர்களும் வெளியிட்டனர். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி ஆகியோர் காசுகள் அவ்வகையின. பாண்டியரும் அமைப்பைத் தழுவி மீனைச் சேர்த்துக்கொண்டனர். எழுத்துத் தேய்ந்துவிட்டால் இவற்றை வேறுபடுத்தத் தேர்ந்த கண் வேண்டும். தேராத கண்ணுக்கு எல்லாம் தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவன் காசாகவே தோன்றும்.

நாயக்கர் காலத்துக் காசுகளில் அனுமன், காளை, யானை, மயில் என்று உருவங்கள் பல்கிப் பெருகின. விசுவநாதன் என்றும் மீனாட்சி என்றும் பெயர் பொறித்தனவும் உண்டு. அவற்றை அடுத்து மதுரைச் சமவெளியில் அடிக்கடி கிடைப்பவை ஐரோப்பியக் கும்பினிக் காசுகள். டச்சுக் கும்பினியின் மூன்றெழுத்துகள் பின்னிய முத்திரையும் மறுபுறம் ஆலந்து, சீலாந்து முதலிய மாகாணங்களின் கேடயமும் கொண்ட செப்புக்காசு தூத்துக்குடி, நாகப்பட்டினம் வழியே உள்நாட்டில் பரவியது. ‘துட்டு’ என்னும் நம் பேச்சுச் சொல்லே அக்காசின் டச்சுப் பெயரிலிருந்து வந்தது என்பர்.

இதற்கு எதிர்த்திசைப் பயணமும் உண்டு. நம் ‘காசு’ ஆங்கிலேயர் வாயில் கேசு ஆகி, அவர்களுடைய நாணயத்தின் பெயராகவே நின்றது. சென்னை மாகாணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்குக்கேற்ப இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆலையில் 1803இலும் 1808இலும் பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் அச்சாயின. 1808ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்டனர் என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையருகிலேயே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் மூழ்கிகள் அவற்றைப் பெருமளவில் எடுத்தனர். சென்னைச் சந்தைக்கென அடித்த காசு, ஒரு முறையேனும் கீரைக்காரி கைக்குப் போகாமல், அச்சு மெருகு குலையாமல் கடலடியில் கிடந்தது. திருமங்கலத்து நிலத்தில் கிடைக்கும் 1808ஆம் ஆண்டுக் காசோ தேய்ந்து தேய்ந்து எழுத்தழிந்து போயிருக்கும். சேகரிப்பாளர் முன்னதற்கு விலை கொடுப்பர். வரலாற்றுக்குப் பின்னதே பேசும்.

இராமர் பட்டாபிடேகம் பொறித்த வட்டத் தகடுகளை ஆயிரமாண்டுப் பழமையுடையன என்று நம்பிப் பூசையறையில் வைத்திருப்போர் பலர். இவை ‘இராமடங்கம்’ எனப்படும் வழிபாட்டு வில்லைகள், நாணயங்கள் அல்ல. பெரும்பாலானவை அண்மைக் காலத்தன. அவற்றை வணங்குவதில் பிழையில்லை. பெரும்பணம் கொடுத்து வாங்குவதில் உண்டு.

எழுத்தாணிக்கு யார் அழுவார்?

காசுக்காவது சேகரிப்போர் உளர். ஏனைய சிறுபொருள்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஐம்பொன் படிமம் ஒன்று கிடைத்தால் வட்டாட்சியர் வருவார், காவலர் வருவர், நாளிதழில் படம் வரும். அதே குழியில் கிடைத்த எழுத்தாணியை யாரும் பொருட்படுத்துவதில்லை. குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி என்று வகைவகையாக வழங்கிய கருவி அது. நம் இலக்கியங்கள் அனைத்தும் ஏட்டில் ஏறியது அதன் முனையால்தான். இரும்பெழுத்தாணி ஈர மண்ணில் துருவேறி வெறும் கம்பித் துண்டாகிவிடும்; தலைப்பகுதியிலுள்ள செம்புக் கொண்டையோ பித்தளைப் பூணோ மட்டும் எஞ்சும். அதனைக் கண்டெடுப்போர் கதவுக் குமிழ் என்றோ பொம்மையின் பகுதி என்றோ கருதி எறிவர். இலக்கியத்தைப் போற்றும் நாட்டில் எழுத்தாணியின் வடிவமாற்றத்தைக் காலவரிசைப்படுத்த மண்ணில் கிடைத்த சான்றுகளைத் திரட்டுவார் அரியர் என்பது பெருமைப்படத்தக்கதன்று.

எடைக்கற்களும் அவ்வாறே. கழஞ்சு, பலம் என்று கல்வெட்டுகள் கூறும் அளவுகளைக் கிராமில் சொல்ல வேண்டுமானால் பழைய எடைக்கற்களை நிறுத்துப் பார்ப்பது நேரிய வழி. உருவமற்ற செம்புக் குற்றி ஒன்றைக் கண்டவர் அதனை எடைக்கல் என்று ஐயுற்றாலே போதும், பாதி வேலை முடிந்தது.

குறித்துவைத்தல்

பெருஞ்செலவோ பெரும்புலமையோ வேண்டும் பணியன்று இது. ஒரு குறிப்பேடு, அளவுகோல், நகைக்கடைத் தராசு ஆகியவை போதும். கண்டெடுத்த நாள், ஊர், நிலத்தின் புல எண், ஏறக்குறைய எத்தனை அடி ஆழம், உடன் கிடந்த பானையோடு, செங்கல், எலும்பு முதலியன, பிறகு பொருளின் எடை, விட்டம், இருபுறத்து உருவம் என்று எழுதிவைத்தால் அது ஓர் ஆவணம். தாளைக் காசின்மேல் வைத்து மென்கரிக்கோலால் தேய்த்து எடுத்த படி, மங்கலான ஒளிப்படத்தைவிடப் பலமுறை தெளிவாயிருக்கும். இக்காலத்தில் கைப்பேசியே இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் டிரேசிக்கு வாய்க்காத வசதி.

மதுரைச் சீமைக்கே உரிய ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டிவண்டியாக அள்ளி வயலில் பரப்புவது நம் உழவர் நெடுங்கால வழக்கம். எனவே வயலில் கிடைத்த காசு அவ்வயலுக்கு உரியதாயிராமல் கண்மாயிலிருந்து வந்ததாயிருக்கலாம். கண்மாய்க்கோ அது வரத்துக்கால் வழியே மேட்டூர்களிலிருந்து உருண்டு வந்திருக்கலாம். காளவாசல் மண்ணும் அப்படியே. ஆகவே ‘இந்நிலத்தில் கரம்பை அடித்ததுண்டா, எந்தக் கண்மாயிலிருந்து?’ என்ற கேள்வியை நிலத்துக்காரரிடம் கேட்டு எழுதுதல் இன்றியமையாதது. வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தக் கேள்விக்கு இடமிராது.

கண்டவுடன் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது நாம் செய்யும் பெருங்கேடு. பாத்திரத்துக்கு ஏற்ற மருந்து காசுக்கு நஞ்சு. புளியின் காடி களிம்போடு சேர்த்து எழுத்தையும் தின்றுவிடும், எடையும் குறையும். அரிய காசு ஒன்றின் ஆண்டெழுத்து ஒரு எலுமிச்சம்பழத்தில் கரைந்துபோக வழியுண்டு. மண்ணை மெல்லத் தட்டி, உலர்த்தி, தாளில் மடித்து வைப்பதே போதும். மற்றதை அருங்காட்சியகத்து வேதியியல் அறிந்தோர் செய்வர்.

இதற்கும் மண்ணைத் தோண்டித் தேடி அலைவதற்கும் வேறுபாடு உண்டு. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது குற்றம். பிற இடங்களிலும் புதையல் வேட்டை வரலாற்றைக் குலைப்பதன்றி வேறில்லை. தானாக வெளிப்பட்டதைக் குறித்துவைப்பதே இங்குச் சொல்லப்படுவது.

பத்து ரூபாய்ச் சட்டம்

மக்கள் அஞ்சுவதற்குக் காரணமில்லாமல் இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், இயற்றப்பட்ட வடிவில், மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய எதனையும் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அறிவியாதவருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் அதே சட்டம் கண்டவருக்குப் பங்கும் வகுத்தது. அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரவேண்டும் என்றது. சிறை என்ற சொல் ஊர் ஊராகப் பரவியது. பங்கு என்ற சொல் கச்சேரிக் காகிதத்தோடு நின்றது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசையும் தொல்பொருளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது நன்றே. ஆயினும் உழவர் ஒருவர் தாம் கண்ட தேய்ந்த காசை அச்சமின்றிக் காட்டிக் குறித்துக்கொண்டு திரும்பப் பெற்றுச்செல்லும் வாயில் எதையும் இவ்விரு சட்டங்களும் அமைக்கவில்லை.

இங்கிலாந்தில் 1996இல் புதையல் சட்டம் புதுப்பிக்கப்பட்டபின், 1997இல் சில மாவட்டங்களில் தொடங்கி 2003க்குள் இங்கிலாந்து, வேல்சு முழுவதும் பரவிய ஒரு பதிவுத் திட்டம் உண்டு. கண்டவர் பொருளை அலுவலரிடம் காட்டுவார். அலுவலர் அளந்து, படமெடுத்து, இடங்குறித்து, புதையல் வகையில் சேராததைத் திருப்பித் தந்துவிடுவார். பொருளைப் பறிக்காமல் செய்தியை மட்டும் பெறும் முறை. பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. கருவிகொண்டு மண்ணைத் துழாவும் அந்நாட்டுப் பொழுதுபோக்கை இங்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பதிவேட்டை மட்டும் கொள்ளலாம்.

2020 பிப்ரவரியில் திருவானைக்கா கோயில் வளாகத்தில் மண்ணை வெட்டியபோது குடம் ஒன்றில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. பலர் கண்முன் கிடைத்ததால் அவை எண்ணப்பட்டுக் கருவூலம் சேர்ந்தன. தனியொருவர் கையில் தனியொரு காசாய்க் கிடைப்பதற்கு அந்தப் பேறு இல்லை. 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழ் இத்தகைய செய்திகளுக்கு இடந்தந்து வருவது ஆறுதல். அச்சேறுவதற்குமுன் அது யாரேனும் ஒருவர் காதுக்கு எட்டியாக வேண்டும். ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, இலக்கியக் கழகத்து அன்பரோதான் அந்தக் காதாக இருக்க இயலும்.

அதே 2020ஆம் ஆண்டு சூன் திங்களில், மதுரைக்குக் கிழக்கே கீழடியை அடுத்த அகரம் என்னும் சிற்றூரில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது ஒரு பொற்பணம் கிடைத்தது. விட்டம் ஒரு செண்டிமீட்டர். எடை 300 மில்லிகிராம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராயன் பணம் என்று இனங்கண்டனர். ஈராயிரம் ஆண்டுப் பழமையைத் தேடிய குழியில் முந்நூறு ஆண்டுக்குச் சற்று முந்தைய காசு. அளவில் மிளகுத் தட்டை போன்றது; கைதவறி விழுந்தால் தேடி எடுப்பது அரிது. அக்காலத்தில் அதனைத் தவறவிட்டவரும் குனிந்து தேடியிருப்பார். வீரராயன் பணம் அரிய பொருளன்று. நகைக்கடைகளிலும் நாணய வணிகரிடமும் இன்றும் கைமாறுவது. ஆனால் அகரத்துப் பணம் எந்தக் குழியில், எந்த நாளில் கிடைத்தது என்பது எழுதப்பட்டிருக்கிறது. கடைகளில் உள்ளவற்றை எந்த ஊரில் கிடைத்தவை என்று கேட்டால், ‘மதுரைப் பக்கம்’ என்பார் வணிகர்.